கண்ணாடி நாரும் அதன் மேல் பூசும் கஞ்சியும்



இந்த முறை நம் சுவர் இதழுக்கு நான் ஓர் அறிவியல் கட்டுரை எழுதியிருக்கிறேன். தலைப்பைப் பார்த்ததும் 'இது என்னடி, கண்ணாடிக்குக் கஞ்சியா?' என்று சிரிக்காதீர்கள். நம்ம ஊர்க் கரையில் நிற்கிற ஃபைபர் படகு ஒவ்வொன்றிலும் இந்தக் கஞ்சி இருக்கிறது. அது சரியாக அமைந்தால் படகு பல வருஷம் உழைக்கும். சரியாக அமையாவிட்டால் அடுக்கு அடுக்காகப் பிரிந்து வரும். படகில் போவது நம் அப்பாவும் அண்ணனும் சித்தப்பாவும்தான். அதனால் கொஞ்சம் பெரிய கட்டுரையாக இருந்தாலும் முழுசா படிங்க.

ஃபைபர் என்றால் என்ன?

2004 டிசம்பர் 26-இல் வந்த சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரை ஊர்களில் நிறைய ஃபைபர் படகுகள் வந்தன. கட்டுமரம் குறைந்துபோனது. ஆனால் 'ஃபைபர்' என்று நாம் சொல்வது ஒரே பொருள் இல்லை. அதில் இரண்டு பொருள் சேர்ந்திருக்கிறது. ஒன்று கண்ணாடி நார். இன்னொன்று ரெசின் என்கிற பிசின். பட்டறையில் வெள்ளை வெள்ளையாகக் கம்பளி மாதிரி சுருட்டி வைத்திருப்பார்களே, அதுதான் கண்ணாடி நாரால் ஆன மேட். அதன் மேல் பாலியஸ்டர் ரெசினை ஊற்றி உருளையால் தேய்ப்பார்கள். காய்ந்ததும் இரண்டும் ஒன்றாக இறுகிவிடும்.

நார் இழுவையைத் தாங்கும். ஆனால் தனியாக நிற்காது, துவளும். ரெசின் நிற்கும். ஆனால் தனியாக இருந்தால் சீக்கிரம் வெடிக்கும். கம்பியும் கான்கிரீட்டும் சேர்ந்து கட்டடம் ஆவது போல இரண்டும் சேர்ந்தால்தான் பலம். அப்படியானால் இரண்டும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். அந்தப் பிடி எங்கே இருக்கிறது? நாரின் மேல்பரப்பில். இந்தக் கட்டுரை முழுக்க அந்த மேல்பரப்பைப் பற்றித்தான்.

நாரை எப்படிச் செய்கிறார்கள்?

மணல், சுண்ணாம்புக்கல், களிமண் போன்றவற்றையும் போரான் உள்ள ஒரு பொருளையும் சேர்த்து உலையில் உருக்குகிறார்கள். உருகிய கண்ணாடியை பிளாட்டினம், ரோடியம் என்ற இரண்டு உலோகங்களும் கலந்த ஒரு தட்டின் வழியாக விடுகிறார்கள். அந்தத் தட்டில் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். இடியாப்ப உழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெப்பம் மட்டும் சுமார் 1,200 டிகிரி. கீழே வருகிற இழையை ஒரு சக்கரம் மிக வேகமாகச் சுற்றி இழுக்கும். அப்போது இழை 10 முதல் 20 மைக்ரான் தடிமனுக்கு மெலிந்துவிடும். 1 மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 மைக்ரான். நம் தலைமுடியே சுமார் 70 மைக்ரான் இருக்கும்.

புதிதாகப் பிறந்த இழை ரொம்ப வலுவானது. ஆனால் ஓர் இழை இன்னோர் இழையோடு உரசினாலே மேலே கீறல் விழும். கீறல் விழுந்தால் அந்த இடத்தில் முறியும். கண்ணாடியில் பலவீனம் அதன் கீறல்களில்தான் இருக்கிறது என்பதை இங்கிலாந்தைச் சேர்ந்த கிரிஃபித் என்பவர் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். கண்ணாடிக் கடையில் வைர முனையால் ஒரு கோடு போட்டு 'டக்'கென்று உடைப்பதும் இதே காரணத்தால்தான்.

கஞ்சி எதற்கு?

நம் தமிழ் டீச்சர் நெசவாளர் ஊரைச் சேர்ந்தவர். அவர் ஊரில் காலையில் தெருவில் பாவை நீளமாக விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, கொஞ்சம் எண்ணெயும் தடவுவார்களாம். கஞ்சி போடாத நூல் தறியில் உரசி உரசி அறுந்துபோகும் என்று வகுப்பில் சொன்னார். கஞ்சி நூலுக்கு ஒரு சட்டை மாதிரி.

கண்ணாடி நாருக்கும் அதே கதைதான். இழை தட்டிலிருந்து இறங்கி சக்கரத்தில் சுற்றுவதற்கு முன்பே, ஓர் உருளையில் உரசவிட்டு அதன் மேல் ஒரு திரவத்தைப் பூசிவிடுகிறார்கள். தொழிற்சாலைக்காரர்கள் இதை 'சைசிங்' என்கிறார்கள். நெசவில் பாவுக்குக் கஞ்சி போடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே பெயர்தான். நானும் இந்தக் கட்டுரையில் கஞ்சி என்றே சொல்கிறேன்.

இந்தக் கஞ்சியில் பெரும்பகுதி தண்ணீர். அது காய்ந்தபின் மிஞ்சுவது இவை:

1. இழைகளை ஒன்றாகச் சேர்த்து வைக்கும் பசை.
2. உரசலைக் குறைக்கும் வழுக்குப் பொருள்.
3. மின்சாரம் ஏறி இழைகள் சிலிர்த்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பொருள். (காய்ந்த தலைமுடியை பிளாஸ்டிக் சீப்பால் சீவினால் சிலிர்க்குமே, அது போல.)
4. ரெசினோடு கைகோர்க்க ஒரு பொருள். இதன் பெயர் சைலேன். இதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

முதல் மூன்றும் நாரைச் செய்யும்போது உதவுகிற பொருள்கள். ஆனால் வேலை முடிந்தது என்று அவை எழுந்து போய்விடுவதில்லை. நாரின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. பிறகு ரெசின் வந்து தொடும்போது அது தொடுவது வெறும் கண்ணாடியை இல்லை. இந்தக் கஞ்சியைத்தான் தொடுகிறது. இதுதான் முக்கியமான விஷயம்.

ஒரு சின்னக் கணக்கு

கஞ்சியின் எடை நாரின் எடையில் சுமார் 1 சதவீதம்தான் இருக்கும். அதுக்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கலாம். உருளையின் வளைபரப்பு கண்டுபிடிக்கிற பாடத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

1 கிலோ கண்ணாடி நார் எடுத்துக்கொள்வோம். இழையின் தடிமன் 15 மைக்ரான். 1 கன மீட்டர் கண்ணாடியின் எடை சுமார் 2,550 கிலோ. இதை வைத்துப் பார்த்தால் அந்த 1 கிலோ நாரில் உள்ள இழையின் மொத்த நீளம் ஏறக்குறைய 2,200 கிலோமீட்டர் வருகிறது. சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில் போகிற தூரம்! அதன் வளைபரப்பு சுமார் 105 சதுர மீட்டர். நம் வகுப்பறை 20 அடிக்கு 20 அடி, அதாவது சுமார் 37 சதுர மீட்டர். ஆக, ஒரு கிலோ நாரின் மேல்பரப்பை விரித்தால் ஏறத்தாழ மூன்று வகுப்பறைத் தரை.

அந்த மூன்று வகுப்பறைத் தரையிலும் 10 கிராம் கஞ்சியைப் பூசினால் அதன் தடிமன் என்ன? சுமார் 0.1 மைக்ரான். கண்ணுக்குத் தெரியாது, கையில் தட்டுப்படாது. ஆனால் மூன்று வகுப்பறை அளவுக்கு ரெசின் தொடுகிற இடமெல்லாம் அதுதான் இருக்கிறது. கணக்கைச் சரிபார்க்க விரும்புகிறவர்கள் போட்டுப் பாருங்கள். கணக்கு சாரிடம் காட்டிவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன்.

கண்ணாடியின் தோல்

கண்ணாடியின் உள்ளே சிலிக்கான் அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் வலை மாதிரி பின்னியிருக்கும். சிலிக்கானுக்கு நான்கு கை (இணைதிறன் 4), ஆக்சிஜனுக்கு இரண்டு கை என்று படித்திருக்கிறோம். உள்ளே இருக்கிற அணுவுக்கு எல்லாக் கையும் பிடிபட்டிருக்கும். ஆனால் மேல்பரப்பில் இருக்கிற அணுவுக்கு வெளிப்பக்கம் பிடிக்க ஆள் இல்லை. காற்றில் உள்ள ஈரம் அங்கே வந்து சேரும். அதனால் கண்ணாடியின் தோல் முழுக்க ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நிற்கும். இவற்றுக்குத் தண்ணீர் என்றால் ரொம்பப் பிரியம். எனவே சுத்தமான கண்ணாடியின் மேல் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஈரப்படலம் ஒட்டியிருக்கும்.

ரெசினோ எண்ணெய்ப் பக்கத்து ஆள். கண்ணாடி தண்ணீர்ப் பக்கத்து ஆள். எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேரும்?

பழைய கஞ்சியால் வந்த தொல்லை

அமெரிக்காவில் கண்ணாடி நாரைத் தொழிலாகச் செய்யத் தொடங்கியது 1930-களில். முதலில் நெசவுக்குப் போடுகிற மாதிரியே மாவுச்சத்தும் எண்ணெயும் கலந்த கஞ்சியைத்தான் பூசினார்கள். கண்ணாடித் துணி நெய்ய அது நன்றாகவே உதவியது. ஆனால் அந்தத் துணியை ரெசினில் வைத்தபோது தொல்லை வந்தது. மாவுச்சத்து தண்ணீரை உறிஞ்சும். எண்ணெய் ரெசினை ஒட்டவிடாது.

சரி, கஞ்சியை எரித்துவிடுவோம் என்று துணியைச் சூடாக்கினார்கள். கஞ்சி போனது. ஆனால் சட்டை போன நார் அந்தச் சூட்டிலேயே பலத்தையும் வெகுவாக இழந்தது. மேலும், வெறும் கண்ணாடியின் மேல் ரெசின் பூசிச் செய்த பொருள் காய்ந்திருக்கும்போது பலமாக இருந்தது, தண்ணீரில் கிடந்தால் பலம் இறங்கியது. ஏனென்றால் தண்ணீர் நாரின் ஓரமாகவே ஊர்ந்து உள்ளே போய், ரெசினைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி.

தண்ணீரில் பலம் இழக்கிற பொருளை வைத்து எப்படிப் படகு செய்வது?

நான்கு கை உள்ள தரகர்

இதற்கு விடைதான் சைலேன். இதன் நடுவில் ஒரு சிலிக்கான் அணு. அதற்கு நான்கு கை. மூன்று கை கண்ணாடிக்கு, ஒரு கை ரெசினுக்கு. அது எப்படி?

சைலேனைத் தண்ணீரில் கலந்ததும் அதன் மூன்று கைகளில் இருந்த தொகுதிகள் ஆல்கஹாலாகப் பிரிந்துவிடும். அந்த இடத்தில் ஹைட்ராக்சில் வந்து உட்காரும். கண்ணாடியின் தோலிலும் ஹைட்ராக்சில்தானே இருக்கிறது? இரண்டும் பக்கத்தில் வந்து காயும்போது நடுவிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியேறும். மிஞ்சுவது சிலிக்கான் – ஆக்சிஜன் – சிலிக்கான் என்ற பிணைப்பு. கண்ணாடிக்குள் இருக்கிற அதே பிணைப்பு! சைலேன் கண்ணாடிக்குச் சொந்தக்காரன் ஆகிவிடுகிறது.

நான்காவது கை கரிமத் தொகுதி. அது ரெசின் இறுகும்போது ரெசினோடு சேர்ந்து பிணைந்துகொள்ளும். ஆனால் இதில் ஒரு நிபந்தனை. ரெசினுக்கு ஏற்ற கையாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் ரெசின் இறுகுவது கார்பன் அணுக்களுக்கு நடுவே உள்ள இரட்டைப் பிணைப்புகள் திறந்து ஒன்றோடொன்று கோர்ப்பதால். எனவே சைலேனின் கையிலும் இரட்டைப் பிணைப்பு இருக்க வேண்டும். எப்பாக்சி ரெசின் என்றால் அமினோ தொகுதி உள்ள சைலேன் போன்று வேறு வகை வேண்டும்.

1947-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ரால்ஃப் விட் என்பவரும் அவர் குழுவினரும் கடற்படைக்காக இதைச் சோதித்தார்கள். இரட்டைப் பிணைப்பு உள்ள சைலேனைப் பூசிய நார், அது இல்லாத சைலேனைப் பூசிய நாரைப் போல இரண்டு மடங்கு பலமுள்ள பொருளைத் தந்தது. கண்ணாடி அதே வகைதான், ரெசினும் அதே வகைதான். மாறியது கண்ணுக்குத் தெரியாத தோல் மட்டும்.

பிறகு எட்வின் ப்ளூடமன் என்ற விஞ்ஞானி இதைப் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 1982-இல் ஒரு புத்தகமே எழுதினார். தண்ணீர் வந்தால் சைலேனின் பிடி அறுவதும் உண்டு, ஆனால் அது மறுபடியும் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் ஈரத்தில் தாக்குப்பிடிக்கிறது என்பது அவர் தந்த விளக்கம்.

மேட்டில் இன்னொரு பசை

நம் பட்டறைகளில் பயன்படுத்துவது பெரும்பாலும் துண்டு நார் மேட். சுமார் 5 சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய நார்களைக் கண்டபடி பரப்பி ஒட்டியிருப்பார்கள். அப்படி ஒட்டுவதற்கு நாரின் மேலுள்ள கஞ்சி போதாது. தனியாக ஒரு பசை போடுகிறார்கள். அதில் இரண்டு வகை. ஒன்று பவுடர், அதாவது பாலியஸ்டர் பொடி. இன்னொன்று எமல்ஷன், அதாவது நாம் மரவேலைக்கு ஒட்டுகிற வெள்ளைப் பசையின் இனத்தைச் சேர்ந்தது.

ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற திரவம் இந்தப் பசையைக் கரைத்தால்தான் மேட் துவண்டு அச்சில் படியும். எமல்ஷன் பசைக்குத் தண்ணீர் என்றால் ஈர்ப்பு அதிகம். எப்போதும் தண்ணீரிலேயே கிடக்கிற பொருளில் அது ஈரத்தை இழுத்துக் கொப்புளம் வரக் காரணமாகலாம். அதனால் படகின் வெளிப்பக்கத்து அடுக்குகளுக்குப் பவுடர் மேட்டே நல்லது என்பார்கள்.

அது மட்டுமில்லை. அச்சில் படகு ஒட்டாமல் கழன்று வர மெழுகு தடவுவார்கள். கடைசி அடுக்கில் பிசுபிசுப்பு இல்லாமல் காய்வதற்காக ரெசினிலும் கொஞ்சம் மெழுகு கலப்பார்கள். அது மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும். இவையும் உதவிக்கு வந்த பொருள்கள்தான். ஆனால் பின்னால் அதே இடத்தில் ஒட்டுப் போட நினைத்தால், அந்த மெழுகே எதிரி ஆகிவிடும்.

எங்கள் படகில் நடந்தது

போன வருஷம் கார்த்திகை மாதத்தில் எங்கள் படகின் அடிப்பக்கம் முகத்துவாரத்துக் கல்லில் இடித்து ஒரு முழம் நீளத்துக்குப் பிளந்துவிட்டது. ஒரு பட்டறையில் கொடுத்தோம். மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம் அவசர அவசரமாக ஒட்டுப் போட்டுத் தந்தார்கள். பார்ப்பதற்குப் பளபளவென்று புதுசு மாதிரியே இருந்தது.

இருபது நாள் கூட ஆகவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் இன்னொருவரும் கடலில் இருந்தபோது அந்த ஒட்டு அப்படியே பெயர்ந்துவிட்டது. தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. ஒருத்தர் விடாமல் வாளியால் இறைக்க, பக்கத்தில் இருந்த படகு கட்டி இழுத்துக் கொண்டுவந்தது. கரைக்கு வந்ததும் அப்பா சொன்னது ஒரே வார்த்தை: "ஓட்டையில போயிருந்தாக்கூடப் பரவாயில்ல. ஒட்டுப் போட்டதுல போச்சே." அதற்குப் பிறகு 11 நாள் அவர் கடலுக்குப் போகவில்லை. எங்கள் வீட்டில் அந்த 11 நாள் எப்படிப் போனது என்று படகு வைத்திருக்கிற வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெயர்ந்த துண்டை வேறொரு பட்டறை அண்ணன் கையில் எடுத்துத் திருப்பிக் காட்டினார். "பாப்பா, இதோட உள்பக்கத்தைத் தொட்டுப் பாரு" என்றார். தொட்டுப் பார்த்தேன். வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்தது. "பழைய படகைப் பிடிச்சிருந்தா, பிரியும்போது அதுல கொஞ்சத்தையும் பிச்சுக்கிட்டு வந்திருக்கணும். இது ஒட்டவே இல்ல. சும்மா மேல உக்காந்திருந்திருக்கு" என்றார். பழைய பரப்பைத் தேய்க்கவே இல்லையாம். மெழுகும் உப்பும் அப்படியே இருந்திருக்கின்றன.

துண்டின் ஓரத்தைக் காட்டி இன்னொன்றும் சொன்னார். அங்கே நார் வெள்ளையாக நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தால் கையோடு வந்தது. "ஏண்ணே, ரெசின் போதலையா?" என்று கேட்டேன். "ரெசின் இருந்துச்சு பாப்பா. மேட் ஈரம். மழையில வெளியே வச்சிருந்திருப்பாங்க. ஈரமான நார் ரெசினைக் குடிக்காது" என்றார்.

நான் அந்த ஓரத் துண்டைப் பள்ளிக்குக் கொண்டுவந்து அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். அவர்தான் சைலேன், ஹைட்ராக்சில் எல்லாம் விளக்கி, படம் போட்டுக் காட்டினார். நாரில் சைலேன் நல்லதாகவே இருந்திருக்கலாம். ஆனால் அதன் மேல் மழைத் தண்ணீர் உட்கார்ந்துவிட்டால் ரெசின் வந்து கைகொடுக்க முடியாது. இடம் ஏற்கெனவே போய்விட்டது. அந்தத் துண்டு இப்போது நம் அறிவியல் அலமாரியில் இருக்கிறது. எல்லாரும் தொட்டுப் பார்க்கலாம். ஓரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள், குத்தும், அரிக்கும்.

பீங்கான் நாரில் வேறு கதை

கண்ணாடி நாரைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் பீங்கான் நார்களும் உண்டு. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த செய்ஷி யாஜிமா 1975-இல் சிலிக்கான் கார்பைடு நார் செய்யும் முறையை வெளியிட்டார். அலுமினா நாரும் உண்டு. அவற்றுக்கும் கையாள வசதியாகக் கஞ்சி பூசித்தான் விற்கிறார்கள்.

ஆனால் அவற்றைச் சேர்ப்பது ரெசினோடு அல்ல, பீங்கானோடு. உலையில் வேக வேண்டும். எனவே கஞ்சியை முதலில் எரித்து எடுக்க வேண்டும். அலுமினா நாரில் இதைக் காற்றில் சுமார் 700 டிகிரியில் செய்கிறார்கள். காற்றில்லாத உலையில் சூடாக்கினால் கஞ்சி முழுசாக எரியாது. சோறு அடிப்பிடித்த மாதிரி நாரின் மேல் கரியாகப் படிந்துவிடும். காற்றில் சூடாக்கினாலும் சிலிக்கான் கார்பைடு நாரின் தோல் ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்லிய சிலிக்காவாக மாறும். எப்படிச் செய்தாலும் மேல்பரப்பின் வேதியியல் மாறிவிடுகிறது.

ஆச்சரியமான ஒன்று: படகில் பிடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று பார்த்தோம். பீங்கானுக்குள் பீங்கான் நாரை வைக்கும்போது பிடி கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டுமாம்! வெறும் தேங்காய் ஓடு ஓரடியில் உடையும். மட்டையோடு இருந்தால் அடி நாரில் போய்விடும். அது போல விரிசல் நாரை வெட்டாமல் நாரின் ஓரமாகத் திரும்பிப் போனால்தான் பொருள் உடையாமல் இருக்கும். அதற்காக நாரின் மேல் போரான் நைட்ரைடு போன்ற மெல்லிய பூச்சைப் போடுகிறார்கள். 2016-இல் பயணிகள் விமானங்களில் ஓடத் தொடங்கிய லீப் என்ற இன்ஜினில், சூடான டர்பைன் பகுதியில் இப்படிச் செய்த பாகம் இருக்கிறது. கஞ்சி, பூச்சு என்று சின்னதாகப் பேசினாலும் விஷயம் ஆகாயம் வரை போகிறது பார்த்தீர்களா!

நீங்களே செய்து பாருங்கள்

சோதனை 1: புதிய கோராத் துணித் துண்டு ஒன்றில் ஒரு சொட்டு அயோடின் கரைசல் விடுங்கள். கஞ்சி போட்ட துணியாக இருந்தால் கருநீலமாக மாறும். அதே துணியில் இன்னொரு துண்டை வெந்நீரில் பலமுறை அலசிக் காயவைத்து மறுபடி செய்யுங்கள். நிறம் குறையும். புதுத் துண்டு முதல் நாள் தண்ணீரை உறிஞ்சாததும், கஞ்சி எடுக்காத துணியில் சாயம் சரியாக ஏறாததும் துணியின் மேல் இப்படிப்பட்ட பூச்சுகள் இருப்பதால்தான்.

சோதனை 2: இரண்டு கண்ணாடித் தகடுகளைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். ஒன்றில் துளி தேங்காய் எண்ணெய் தடவி, கண்ணுக்குத் தெரியாதபடி துணியால் துடைத்துவிடுங்கள். இப்போது இரண்டிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஒன்றில் பரவும். மற்றதில் முத்து மாதிரி நிற்கும். தகடு இரண்டும் ஒன்றுதான். தோல்தான் வேறு.

வீட்டில் சொல்ல வேண்டியவை

பட்டறை அண்ணனும் அறிவியல் டீச்சரும் சொன்னதை வைத்து இந்தப் பட்டியலைத் தயாரித்திருக்கிறேன். படகு உள்ள வீட்டுப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போய் வீட்டில் படித்துக் காட்டுங்கள்.

1. ஒட்டுப் போடுமுன் அந்த இடத்தை நல்ல தண்ணீரால் கழுவி உப்பைப் போக்க வேண்டும். பிறகு முழுசாகக் காய வேண்டும்.
2. பளபளப்பு போய் மங்கலாகத் தெரியும்வரை பழைய பரப்பைத் தேய்க்க வேண்டும். ஓட்டையைச் சுற்றியும் அகலமாகத் தேய்த்துச் சரிவாக்க வேண்டும்.
3. தேய்த்த தூசியைத் துடைத்துவிட்டு அசிட்டோனால் துடைக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. கையிலும் எண்ணெய் உண்டு.
4. மேட் காய்ந்ததாக இருக்க வேண்டும். மூடி வைத்த சுருளிலிருந்து எடுப்பதே நல்லது. மழையில் நனைந்ததைக் காயவைத்துப் போடலாம் என்றால் ஒத்துக்கொள்ள வேண்டாம்.
5. மேட் 1 கிலோ என்றால் ரெசின் 2 முதல் 2.5 கிலோ. வெள்ளையாக நார் தெரிந்தால் அங்கே ரெசின் இறங்கவில்லை என்று அர்த்தம்.
6. மழை பெய்யும்போதும், பெய்து காயாதபோதும் வேலையைத் தள்ளிப்போட வேண்டும்.
7. காய்ந்தபின் நாணயத்தால் தட்டிப் பார்க்க வேண்டும். பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதே மாதிரி. கணீரென்று கேட்டால் நல்லது. ஓரிடத்தில் மட்டும் மொத்தையாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.
8. தேய்ப்பவர் மூக்கையும் கண்ணையும் மூடிக்கொள்ள வேண்டும். ஹார்டனர் கண்ணில் பட்டால் ஆபத்து. சின்னப் பிள்ளைகள் கிட்டே போகக் கூடாது.

இதற்கெல்லாம் கூடுதலாக இரண்டு நாள் ஆகும், கொஞ்சம் பணமும் ஆகும். எங்கள் படகை இரண்டாவது தடவை இப்படித்தான் செய்தார்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரம் ஒரு தடவை அப்பா நாணயத்தால் தட்டிப் பார்க்கிறார். நானும் தட்டிப் பார்க்கிறேன். இதுவரை கணீரென்றுதான் கேட்கிறது.

சந்தேகம் இருந்தால் மதிய இடைவேளையில் என்னிடமோ அறிவியல் டீச்சரிடமோ கேளுங்கள். அயோடின் வேண்டுமென்றாலும் டீச்சரிடம்தான் கேட்க வேண்டும்!

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி